பேர் சொல்லாமல் அனுப்பிய டின்கள்

ஓமம் வறுத்து நாலைந்து நாளாகிறது. இன்று காலை எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்தும் வாடை போகவில்லை. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் காக் சித்தி, வேலிக்கு மேல் மூக்கை நீட்டி, "சியாப்பா பெர்சாலின், பாக்சிக்?" என்று கேட்டார். யாருக்குப் பிரசவம் என்று கேட்கிறார். மனைவியை இழந்து, தாமான் குடியிருப்பு வீட்டில் தனியாகக் குடியிருக்கும், எழுபதைத் தாண்டிய ஒருவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஓமமும் மிளகும் பூண்டும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த வாடையை, இந்தக் குருண் ஊரில் வளர்ந்த எந்த மூக்கும் மறக்காது. மலாய் மூக்காக இருந்தாலும் அப்படித்தான்.

"பிரான்சில் ஒரு பெண்ணுக்கு" என்றேன். அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவருக்கு முழுதாக விளங்க வைக்க வேண்டுமென்றால் பிரெஞ்சு இலக்கணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. உங்களுக்குப் பொறுமை உண்டு.

சென்ற ஆண்டிலிருந்து நான் பிரெஞ்சு படிக்கிறேன். டீச்சர் பெயர் தேவகி. செர்டாங்கில் செம்பனை லோரி ஓட்டியவரின் மகள். உபகாரச் சம்பளத்தில் பிரான்சுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். மாலை நேரங்களில் கைப்பேசி வழியாகப் பாடம் எடுப்பாள். நான் அவளை டீச்சர் என்பேன். அவள் என்னை அங்கிள் என்பாள். வணக்கம் சொல்வது, ரொட்டி கேட்பது, மழை பெய்கிறது என்பது வரைக்கும் நல்ல மாணவனாகத்தான் இருந்தேன். 'அதை', 'அவளை', 'அவளுக்கு' என்று வரும் சின்னச் சொற்களின் பாடம் வந்ததும் தடுக்கி விழுந்தேன். 'அதை' என்பதற்கு லெ. 'அவளை' என்பதற்கு லா. 'அவளுக்கு' என்பதற்கு லுயி. ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் 'அவனுக்கு' என்பதற்கும் அதே லுயிதான்.

"அங்கிள், அந்தச் சின்ன வார்த்தைங்க எல்லாம் வெர்புக்கு முன்னால போய் உக்காரணும்லா. நீங்க கொண்டு போய் வாலுல கட்டுறீங்க."

"முன்னால எதுக்கு வரணும்?"

"எதுக்குன்னா? தமிழ்ல எப்படிச் சொல்லுவீங்க? 'அத அவளுக்கு குடுத்தேன்.' அதுவும் முன்னாலதானே வருது? உங்களுக்கு இங்கிலீஷ்தான் தடங்கல். ரொம்பப் படிச்சிட்டீங்க."

அவள் சொன்னது சரி. சுங்கை பட்டாணியில் ஆங்கிலப் பள்ளி, பிறகு பினாங்கில் ஆறாம் படிவம் என்று படித்தவன் நான். என் மளிகைக் கடை மேசையடியில் எப்போதும் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கிடக்கும். படித்தவன் என்ற எண்ணம் எனக்கு நிறையவே உண்டு. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவற்றை, இந்தப் படிப்பெல்லாம் சேர்ந்தும் தடுக்கவில்லை.

ஒரு நாள் வீட்டுப்பாடத்தில் மூன்றாவது வாக்கியம் இப்படி வந்தது: தகப்பன் மகளுக்குப் பார்சலை அனுப்புகிறான். இதில் மகளையும் பார்சலையும் எடுத்துவிட்டு, சின்னச் சொற்களைப் போட வேண்டும். 'தகப்பன் அதை அவளுக்கு அனுப்புகிறான்.' அவ்வளவுதான். மற்றதையெல்லாம் எழுதிவிட்டு அதைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

"மூணாவது ஏன் காலி, அங்கிள்?"

"தெரியல டீச்சர்."

பொய். அந்தப் பக்கத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்த வாக்கியத்தைத் தமிழில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான்.

எங்கள் கடை குருண் பெரிய ரோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. வாசல் நடைபாதையான அஞ்சடியில் அரிசி மூட்டை, உள்ளே மிளகாய், மல்லி, கருவாடு. வேறு கடைகளிலும் இதெல்லாம் உண்டு. ஆனால் பிரசவ மருந்துக்கு எங்கள் கடைதான். சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பெண்ணுக்கு எட்டாம் மாதம் ஆனதும் தாயார் கடைக்கு வந்து, அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போவார். மறுநாளே கடைக்குப் பின்னால் அம்மா வறுக்க ஆரம்பித்துவிடுவார். இடித்து, சலித்து, கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறி, உருண்டை பிடித்து, காலி பிஸ்கட் டின்னில் அடுக்கி மூடினால் வேலை முடிந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டுப் பொறுப்பு. அந்த டின்னும் தாய் வீட்டுச் செலவு. அது வராத பெண்ணைப் பார்த்து லயத்து வரிசை வீடுகளில் மற்றப் பெண்கள், "பாவம், கேக்க ஆளில்ல போல" என்பார்கள்.

டின்னின் மேல் பெயர் எழுத அப்பா விடமாட்டார். பிள்ளைத்தாச்சியின் பெயரை ரோட்டில் சொன்னால் கண்பட்டுவிடும் என்பது அவர் கட்சி. தோட்டத்துப் பக்கம் போகும் பஸ்ஸில் கண்டக்டர் ஹம்சா அண்ணன் வருவார். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த மலாய்க்காரர், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

"மொதலாளி, இது சியாப்பா பூஞா?" யாருடையது என்று கேட்பார்.

"அதுக்குத்தான் ஹம்சா. மேல டிவிஷன் கேட்டுல அவரு நிப்பாரு. இத அவருகிட்ட குடு, அவரு அதுகிட்ட குடுத்துருவாரு."

"ஓ, அதுவா! ஓகேலா."

டின் ஏறிவிடும், பஸ் போய்விடும். அது எது, அவர் எவர் என்று யாரும் விளக்கிச் சொன்னதில்லை. எல்லாம் போய்ச் சேர்ந்தன.

ஒரு முறை மட்டும் சேரவில்லை. அன்றைக்குப் பெண்ணின் புருஷன் மரத்தில் பால் எடுக்கப் போனவன் வரத் தாமதம். கேட்டில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் தோட்டத்துக் கிராணி. ஆபீசில் கணக்கெழுதும் அவர் கல்யாணமாகாதவர், வெள்ளைக் கால்சட்டைக்காரர். நிற்பவர்தான் 'அவரு' என்று ஹம்சா அண்ணன் டின்னை அவர் கையில் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துக் கிராணி கடைக்கு வந்தார். "முதலாளி, நீங்க அனுப்பின உருண்டை ரொம்ப அருமை. காலையில ஒண்ணு போட்டா வயித்துல வாயுவே நிக்கமாட்டேங்குது. இன்னொரு டின் கெடைக்குமா?" திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது: "கேட்டுக் குடுங்க. கிராணிக்குப் பால் நல்லா ஊறுதாமா?"

புது டின் அன்றைக்கே டாக்சியில், அப்பாவின் மடியில் உட்கார்ந்து போனது. கிராணிக்குத் தோட்டத்தில் 'பச்சை உடம்புக்காரர்' என்ற பெயர், அவர் மாற்றலாகிப் போகும் வரை இருந்தது.

எதையும் கையோடு கை கொடுக்கும் அப்பா, உப்பை மட்டும் கொடுக்கமாட்டார். பொட்டலத்தைப் பலகையில் வைப்பார், வாங்குகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பைக் கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வருமாம். அப்பாவுக்குப் பிறகு கடை என்னுடையதானது. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று வருபவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, நானும் உப்பைப் பலகையில்தான் வைத்தேன். அம்மாவுக்குப் பிறகு என் மனைவி மருந்து வறுத்தாள். அவளும் போன பிறகு நானே வறுத்தேன்.

இப்போது அந்தக் காலி விட்ட வாக்கியத்துக்கு வருகிறேன். வாணி எங்கள் ஒரே மகள். பள்ளியில் படிக்கும்போதே தாயை இழந்தவள். பொறியியல் படிக்கப் பிரான்சுக்குப் போனாள். அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். உலக இலக்கியம் படித்தவன், மேடையேறி 'யாதும் ஊரே' என்று பேசியவன், மகளோடு பேச்சை நிறுத்தினேன். அவள்தான் எப்போதாவது கூப்பிடுவாள். நான் "ம்" என்பேன். ஒரு நாள் கடையில் இருக்கும்போது கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்கு எட்டாம் மாசம்."

"ம்."

"அம்மா இருந்தா அனுப்பியிருப்பாங்க. ஒரே ஒரு டின் அனுப்பி வைங்கப்பா."

"ஏன், அந்த ஊர்ல மருந்துக் கடை இல்லையா?"

போனை வைத்துவிட்டேன். எனக்குப் பின்னால் அலமாரியில் ஓமம் இருந்தது, மிளகு, சுக்கு, திப்பிலி, பெருங்காயம் எல்லாம் இருந்தன. அன்று சாயங்காலம் அதே கையால், ஜெனியாங் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு டின் கட்டிக் கொடுத்தேன். நான் கோபத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. எல்லாம் தெரிந்துதான் அனுப்பாமல் இருந்தேன்.

பேத்தி பேசக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு நாள் போனில் "தாத்தா" என்றாள். என் வீறாப்பு அத்தோடு கலைந்தது. வாணி ஒன்றையும் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் பின்னொரு நாள், வேடிக்கைக் கதை சொல்வதுபோல் இதைச் சொன்னாள். அவள் மாமியார் மோனிக், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாணி கேட்டு மறுக்கப்பட்டதை எப்படியோ தெரிந்துகொண்டு, மருந்தில் என்னென்ன போடுவார்கள் என்று விசாரித்திருக்கிறார். வாணி நினைவிலிருந்து சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, ரயிலேறிப் பாரிசுக்குப் போய், இலங்கைத் தமிழர் கடையில் வாங்கி வந்திருக்கிறார். முதல் தடவை தீய்ந்துவிட்டது. மறுபடி போய் வாங்கினார். பிள்ளை பிறந்ததும் தினம் ஓர் உருண்டையைத் தட்டில் வைத்து நீட்டினாராம். வாணி சாப்பிடுவதற்கு முன்னால், விஷமில்லையே என்று தானும் கொஞ்சம் கிள்ளிப் போட்டுக்கொள்வாராம். வாணி சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

அந்த மோனிக் அம்மாள் வாணியோடு மலேசியா வருகிறார் என்று தெரிந்ததும்தான் தேவகியைத் தேடிப் பிடித்தேன். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் சரியாக வராது. வாணியை மொழிபெயர்க்கச் சொல்லலாமே என்பீர்கள். எந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பவில்லையோ, அதே பெண்ணைக் கொண்டு அதை எப்படிச் சொல்ல வைப்பது? என் வாயால்தான் சொல்ல வேண்டும். இரண்டே வாக்கியம். 'நான் அவளுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. நீங்கள் அவளைக் கவனித்துக்கொண்டீர்கள்.' பிரெஞ்சில் எழுதிப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். என் வாக்கியத்தில் என் மகள் லுயி, அந்த அம்மாளின் வாக்கியத்தில் லா. தேவகியிடம் இதைத் திருத்தக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு முறை படித்தாள். "கரெக்டா இருக்கு அங்கிள்" என்றாள். பிறகு, "தினமும் சத்தம் போட்டுச் சொல்லுங்க. மனசுல வச்சா வெளிய வராது" என்றாள்.

போன மாதம் வந்தார்கள். மருமகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மோனிக் குட்டையான, வேகமாக நடக்கிற அம்மாள். வந்த அன்றே என் சமையலறைப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தார். முதல் நாள் மதியச் சாப்பாட்டிலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். வாணி மீன் குழம்பு வைத்திருந்தாள். தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் உப்பைக் கேட்டுக் கை நீட்டினார்.

உப்புக் கிண்ணத்தை எடுத்தேன். என் கை அவர் கையைத் தாண்டிப் போய், அதை மேசையில் வைத்தது. விருந்தாளியின் நீட்டிய கை அந்தரத்தில் நிற்கிறது. "அப்பா!" என்றாள் வாணி. மோனிக் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேசையைத் தட்டிச் சிரித்து மளமளவென்று பேசினார்.

"அவங்கம்மாவும் இப்படித்தான் வைப்பாங்களாம்பா. கையில குடுத்தா சண்டை வருமாம். நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊரா?" என்றாள் வாணி.

எல்லோரும் சிரித்தோம், பேத்தி எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் இரண்டு வாக்கியங்களும் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. இவ்வளவு சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். உண்மையில் பயம். மறுநாளும் சொல்லவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. தேவகி கைப்பேசியில் "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டபடி இருந்தாள். நான் பதில் போடவில்லை.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது மோனிக் வாணியிடம் ஏதோ சொல்ல, வாணி என்னிடம் வந்தாள். மோனிக்கின் சின்ன மகளுக்கு இப்போது எட்டாம் மாதமாம். அந்த மருந்தை வாணி அப்பாவே செய்து கொடுப்பாரா என்று கேட்கிறார்.

"அவங்க செஞ்சப்ப என்ன வாடைன்னு பக்கத்து வீட்ல வந்து கேட்டாங்களாம்பா. கால்ல போடற சப்பாத்துக்குப் பூசற மையின்னு நெனைச்சாங்களாம். நீங்க செஞ்சா சரியா வரும்ங்கிறாங்க."

உடனே கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன். எட்டாம் மாதத்தில் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்து மகளுக்கு மருந்து கேட்டிருக்கிறார். கடையை மூடிய பிறகு அப்படி யாரும் வந்ததில்லை. கை எதையும் மறக்கவில்லை. ஓமம் வெடிக்கும்போது இறக்க வேண்டும் என்பது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்தது. பெரிய பிஸ்கட் டின் ஒன்று வாங்கி, பிஸ்கட்டையெல்லாம் பேத்தியின் பையில் கொட்டிவிட்டு, உருண்டைகளை அடுக்கினேன்.

"பேரு எழுதலையாப்பா?"

"எழுதக் கூடாது."

"தாத்தா காலத்து ரூல்ஸ்," என்று சிரித்தாள் வாணி. சிரித்தவள் எழுதவும் இல்லை.

கோலா கெடாவிலிருந்து ஃபெரியில் லங்காவித் தீவுக்குப் போய், இரண்டு நாள் இருந்துவிட்டு அங்கிருந்தே விமானம் ஏறுவது என்று ஏற்பாடு. நான்தான் காரில் கொண்டு போய் விட்டேன். துறையில் மீன் வாடை, டீசல் வாடை. வாணி பேத்தியை அழைத்துக்கொண்டு டிக்கெட் எடுக்கப் போனாள். நானும் மோனிக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். டின் என் மடியில் இருந்தது. நடுவில் மொழிபெயர்க்க யாரும் இல்லை.

"மதாம்" என்றேன். திரும்பினார்.

"ஜ ந லுயி ஏ ரியான் ஆன்வோயே." நான் அவளுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. எப்போது, எதை என்றெல்லாம் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது. தேவையும் இருக்கவில்லை. அவர் பார்வை டின்னுக்குப் போய் என்னிடம் திரும்பியது.

"வூ லவே ஸ்வான்யே." நீங்கள் அவளைக் கவனித்துக்கொண்டீர்கள். கடைசிச் சொல் பாதியில் உடைந்துவிட்டது. அதையும் அவர் புரிந்துகொண்டார்.

அவர் நீளமாக ஏதோ பதில் சொன்னார். எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். 'நோர்மால்.' அதையே இரண்டு மூன்று முறை சொன்னார், ஒவ்வொரு முறையும் தோளைக் குலுக்கிக்கொண்டு. அவர் செய்தது அவருக்கு நோர்மால். பெற்றவன் செய்யாததை ஓர் அந்நியப் பெண் ரயிலேறிப் போய்ச் செய்துவிட்டு, அது வழக்கம்தானே என்கிறார். அதற்குமேல் என்னிடம் பிரெஞ்சு இல்லை. தமிழில், "நல்லா இருங்கம்மா" என்றேன்.

ஃபெரிக்கு அழைத்தார்கள். வாணி படியருகே நின்று கை காட்டினாள். நான் எழுந்து டின்னை நீட்டினேன். "தோனே-லெ-லுயி" என்றேன். இதை அதுகிட்ட குடுத்துருங்க. ஹம்சா அண்ணனிடம் அப்பா சொன்ன அதே வாக்கியம். மோனிக் தன் மகளின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். சட்டென்று நிறுத்தி, உதட்டின்மேல் விரல் வைத்துக்கொண்டார். வாணி சொல்லிவைத்திருக்க வேண்டும். டின்னில் உப்பு கிடையாது. அதனால் கையோடு கையாகவே கொடுத்தேன். போகும்போது வாணி என் தோளில் கொஞ்ச நேரம் தலை சாய்த்துவிட்டுப் போனாள். தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளா என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டுப்பாடத்தின் மூன்றாவது வாக்கியத்தை எழுதி அனுப்பினேன். தகப்பன் அதை அவளுக்கு அனுப்புகிறான். "பார்ஃபே, அங்கிள்! பிரமாதம். ஆனா இது ரொம்ப லேட்டுலா," என்று பதில் வந்தது. அவள் வீட்டுப்பாடத்தைத்தான் சொன்னாள்.

அன்று துறையிலிருந்து திரும்பி வரும் வழியில் குருண் பெரிய ரோட்டில், எங்கள் கடை இருந்த இடத்துக்கு எதிரே காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடை இப்போது கைப்பேசி விற்கும் இடமாகிவிட்டது. அஞ்சடியில் அரிசி மூட்டைக்குப் பதில் கண்ணாடிப் பெட்டிகள். மேல் டிவிஷன் இருந்த பக்கம் வீடுகள் எழும்பிவிட்டன. லயத்துப் பெண்கள் எந்தெந்தப் பட்டணத்து அடுக்குமாடிகளிலோ பிள்ளை பெறுகிறார்கள். அவர்களுக்கு யார் வறுத்துக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்தத் தோட்டத்துப் பஸ் நின்று வெகு காலமாகிறது. ஹம்சா அண்ணனும் இல்லை. இப்போது எதை அனுப்பப் போனாலும் பெயர் கேட்கிறார்கள், முகவரி கேட்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். "அதுக்குத்தான்" என்றால், "ஓ, அதுவா!" என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏற ஆள் இல்லை.